வேலுசாமி முதலாளி காரோட நடுத்தூணு

தூண அறுத்தது நெசந்தான் மாமா. அறுத்ததப் பாத்ததும், கார நாங்க கெடுத்துட்டோம்னு வேலுசாமி முதலாளி மத்தியானமே உங்களுக்குச் சொல்லிவிட்டதுதான் பொய். சாயங்கால பஸ் கண்டக்டர்கிட்ட நீங்க கேட்டுவிட்டதுக்கு இதான் பதிலு. சர்வேசுரனுக்குத் தோத்திரம், இத மொதல்ல எழுதியிருக்கணும், கோவத்துல விட்டுப்போச்சு. அத்தை சொகமா, கறவமாடு சொகமா, நீங்க வாத்தியாரா இருக்குற பள்ளிக்கூடமும் சொகமா இருக்கட்டும், நான் அங்க வரல.

நீங்க வச்ச கெடு ஞாபகம் இருக்கு. இந்த ஒரு கார ஒழுங்கா முடிச்சா பட்டறையிலயே இருந்துக்க, இல்லாட்டி குஜிலியம்பாறைக்கு வந்து பொடிப்பயலுகளோட பெஞ்சில உக்காருன்னீக. அதுனால நடந்தத நடந்தபடி எழுதுறேன். ரெட்டியார்சத்திரம் முக்குல மாட்டுவண்டி நுகத்தடி குத்தி, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவுல இருக்குற தூணு முருங்கக்கா மாதிரி வளைஞ்சுபோச்சு. முன்கதவு அதுலதான் வந்து மாட்டும், பின்கதவு அதுலதான் தொங்கும். தட்டி நிமித்த ஏலாது, அறுத்துட்டு வேற வைக்கணும்னுட்டாரு எங்க பட்டறை நூர் அகமது பாய். முதலாளி கார விட வரும்போதே பின்சீட்டக் கழட்டிட்டு நாலு மூட்டை சின்ன வெங்காயம் அடுக்கியிருந்தாரு. எறக்குங்கண்ணேன்னேன். "ஏலே, வெள்ளிக்கிழமை அதுவுமா சரக்க எறக்குனா வெல எறங்கிரும்டா. அது பாட்டுக்கு இருக்கட்டும், உன்னையவா திங்குது"ன்னாரு. பாய், "ரெண்டு கதவையும் மாட்டி, சந்து நகக்கனம் சீரா இருக்கான்னு பாத்துட்டுத்தான் வெல்டு பத்தவைக்கணும்"னு சொல்லிட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிட்டாரு. நானும் கூட வேல பாக்குற பாக்கியராஜும் மூட்டை மேல ஈரச்சாக்கப் போட்டு மூடி, அவரு சொன்னபடியே மாட்டி, பாத்து, பத்தவச்சோம். வெங்காயம் வதங்குன வாசத்துக்கு, யாரு வீட்டுல விருந்துன்னு தெருவே வந்து எட்டிப் பாத்துச்சு. பாய் திரும்பி வந்து கதவச் சாத்துனாரு, இரும்புப்பெட்டி மாதிரி டப்புன்னு மூடுச்சு. "கைவேல தெரியுதுடா"ன்னாரு. படிச்ச காலத்துல எந்த வாத்தியாரும் என்னையப் பாத்து இப்படி ஒரு வார்த்த சொன்னதில்ல மாமா. உங்களையும் சேத்துத்தான்.

ஆக வேல சுத்தமா முடிஞ்சுச்சு, கெடுவும் முடிஞ்சுச்சு. அத்தைக்கு அன்பு. மாதா உங்க எல்லாரையும் காப்பாத்தட்டும், என்னையச் செத்த கூடுதலாவே காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
பட்டறையிலயே இருக்கப்போற உங்க மருமகன்
செபஸ்தியான்

பின்குறிப்பு: மேல உள்ளது நேத்து எழுதுனது. இன்னைக்குச் சனிக்கிழமை, மூட்டைய எறக்குனாக. பாரம் போனதும் பாடி மேல எந்திரிச்சுக்கிச்சு, பின்கதவு மூட மாட்டேங்குது. பாரத்தோடயே தூண வச்சுட்டோம், அம்புட்டுத்தான். நாலு பேரு ஏறி உக்காந்தா மூடுது. திங்கக்கிழமை திரும்ப அறுத்துருவோம்னு பாய் கெஞ்சுறாரு. முதலாளிக்கு உங்க ஊருல இன்னைக்கே ஒரு கல்யாணமாம், கேக்கல. "மூட்டைக்குப் பதிலா நீங்க ஏறுங்கடா"ன்னுட்டாரு. நானு, பாக்கியராஜு, பாய், டீக்கடைக்காரரு, நாலு பேரும் பின்னாடிதான் இருக்கோம். அதுனால இதத் தபால்ல போடல, நானே கொண்டாரேன். இப்பக் கதவு மூடிருச்சு, தொறக்கத்தான் மாட்டேங்குது. வாசல்ல ஆரன் சத்தம் கேட்டா கடப்பாரையோட வாங்க மாமா, பள்ளிக்கூடத்தப் பத்தி வெளிய வந்தப்புறம் பேசிக்கலாம். வண்டிய எடுத்துட்டாரு, எழுத்து குலுங்குது, போறேன்.