செக்ரட்டரி படிப்பு

கௌதம் நீட்டிய விண்ணப்பத்தை ரத்தினவேல் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். முழுக்க ஆங்கிலம். பி.காம். முடித்துவிட்டு மூன்று மாதமாக வீட்டில் இருக்கும் பையன் மேலே என்ன படிப்பது என்று ஒருவழியாக முடிவு செய்துவிட்டான் என்பது மட்டும் புரிந்தது.

“என்ன படிப்புடா இது?”

“கம்பெனி செக்ரட்டரிப்பா.”

ரத்தினவேல் விண்ணப்பத்தைச் சட்டென்று மூடினார். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக லேத் ஓட்டுகிறவர் அவர். அவருக்குத் தெரிந்து கம்பெனியில் செக்ரட்டரி என்றால் ஒரே ஆள்தான், தொழிற்சங்கத்துச் செக்ரட்டரி. கடைசியாக அந்தப் பதவியில் இருந்த சென்னகிருஷ்ணன், பத்து வருடத்துக்கு முந்தைய வேலைநிறுத்தத்தில் வேலை போய், இப்போது தளியில் முட்டைக்கோசு பயிரிடுகிறார். வேலைநிறுத்தம் நடந்த அந்த எழுபத்தெட்டு நாளும் ரத்தினவேலின் மத்திகிரி வாடகை வீட்டில் மூன்று வேளையும் களிதான்.

“அதுக்கு எதுக்குடா படிப்பு?”

“என்னப்பா இப்படிக் கேக்கறீங்க? கூட்டம் கூட்டணும், தீர்மானம் எழுதணும், சட்டமெல்லாம் மனப்பாடமா தெரியணும். மேனேஜ்மென்ட் தப்பாப் போனா எந்திரிச்சுச் சொல்லணும்.”

சந்தேகத்துக்கு இடமே இல்லை. சென்னகிருஷ்ணனும் இதே நான்கு வேலைகளைத்தான் செய்தார். நான்காவதைச் செய்தபோதுதான் வேலை போனது.

“மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும்ப்பா. சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக் குடுங்க.”

ரத்தினவேல் விண்ணப்பத்தையும் சர்டிபிகேட்டுகளோடு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஆசைப்பட்டதைப் படிக்கட்டுமே” என்றாள் மனைவி பவளம்.

“களி தின்னது மறந்துபோச்சா உனக்கு?”

பவளத்துக்கு மறக்கவில்லை.

பூட்டினால் மட்டும் போதாது, புத்தி சொல்லவும் ஆள் வேண்டும் என்று ரத்தினவேலுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தளிக்குப் போனார். பட்டவர் சொன்னால் பையன் கேட்பான் என்பது அவர் கணக்கு.

சென்னகிருஷ்ணன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“ரத்தினா, நான் ஏன் தோத்தேன் தெரியுமா? இங்கிலீஷ்ல நோட்டீஸ் வந்துச்சு. படிச்சுச் சொல்ல ஒரு ஆள் இல்ல. பி.காம். படிச்ச செக்ரட்டரியா? நீ கவலைப்படாதே. நான் பேசறேன்.”

“வேண்டாம்னு பேசணும், சென்னகிருஷ்ணா.”

“நான் பேசறேன்” என்று அவர் மறுபடியும் சொன்னார். எதைப் பேசுவார் என்று ரத்தினவேல் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை கேன்டீனில் முன்பின் தெரியாத கான்ட்ராக்ட் பையன்கள் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். “உக்காருங்கண்ணே. உங்க பையன் செக்ரட்டரிக்கே படிக்கிறாராமே? சென்னகிருஷ்ணண்ணன் சொன்னாரு.” ரத்தினவேல் பாதிச் சோற்றோடு எழுந்தார். இது மேலே போனால் தன் வேலைக்கே உலை என்று பயந்து, யாரும் கூப்பிடாமலே பர்சனல் ஆபீசர் சுரேந்தரின் அறைக்குப் போய் நின்றார்.

“சார், எம் பையன் நல்லவன் சார். நீங்களே வேலைக்கு எடுத்துக்குங்க. என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்.”

சுரேந்தருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பேக்கிங் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டது. “திங்கட்கிழமை வரச் சொல்லுங்க. கான்ட்ராக்ட்தான்” என்றார்.

வீட்டில் ரத்தினவேல் அழுதார். வேலைக்குப் போகாவிட்டால் தன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றார். கௌதம் எதிர்த்துப் பேசியிருந்தால்கூடத் தேவலை. அவன் பீரோவை ஒருமுறை பார்த்தான், தட்டைக் கழுவி வைத்தான், திங்கட்கிழமை டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினான். மாதக் கடைசி வந்து போயிற்று. அப்பாவும் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் வேறு வேறு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனார்கள். பையன் பிழைத்துக்கொண்டான் என்று ரத்தினவேல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அவன் முகத்தை மட்டும் அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலை கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் சென்னகிருஷ்ணனின் பழைய மொபெட் நின்றது. கோசு விற்க வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு ரத்தினவேல் உள்ளே போனார்.

அன்று மத்தியானம் சுரேந்தர் அவரை வராந்தாவில் நிறுத்தினார். “பேக்கிங்ல இருக்கற கௌதம் உங்க பையன்தானே? இங்கிலீஷ் சுத்தமா எழுதறான். ஏன் மேல படிக்க வைக்கல?”

“செக்ரட்டரிக்குப் படிக்கறேன்னான் சார். நான்தான் தடுத்துட்டேன்.”

“என்ன செக்ரட்டரி?”

“கம்பெனி செக்ரட்டரி சார்.”

சுரேந்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “தடுத்தீங்களா? நம்ம ஹெட் ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார், பாத்ததில்லையா? போர்டு மீட்டிங்ல எம்.டி. பக்கத்துல உக்காருவார். சட்டம் என்ன சொல்லுதுன்னு அவரைக் கேக்காம எம்.டி. பேனாவைத் தொட மாட்டார். அந்தப் படிப்புங்க அது.”

ரத்தினவேலின் கை சட்டைப்பையில் இருந்த பீரோ சாவிக்குப் போனது. பீரோவுக்குள் பூட்டியது தொழிற்சங்கத்தை அல்ல, பையனுடைய வாழ்க்கையை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“இனிமே முடியாதா சார்?”

“ஏன் முடியாது? இப்ப அனுப்பினா அடுத்த பரீட்சை எழுதலாம். டிரெய்னிங்குக்கு ஹெட் ஆபீஸ்ல நானே சொல்றேன். ஒண்ணே ஒண்ணு, அதுவரைக்கும் இங்க எந்த வம்புலயும் பேரு அடிபடாம இருக்கணும். அவங்க அதைத்தான் முதல்ல பாப்பாங்க.”

“அவன் வாயே திறக்க மாட்டான் சார்.”

ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியதும் ரத்தினவேல் ஓடினார். ஐம்பது வயதுக்கு அது ஓட்டம்தான். பீரோ சாவியைக் கையிலேயே எடுத்து வைத்துக்கொண்டார். பையனிடம் மன்னிப்புக் கேட்டு, சாவியை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். பேக்கிங் பிரிவு காலியாகக் கிடந்தது. பஸ்ஸிலும் அவன் இல்லை. மூச்சு வாங்க கேட்டுக்கு வந்து செக்யூரிட்டி மாரிசாமியைப் பிடித்தார்.

“மாரிசாமி, எங்க கௌதமைப் பாத்தியா?”

மாரிசாமி வாயெல்லாம் பல்லாகக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஸ்வீட் எங்கண்ணே? கான்ட்ராக்ட் பசங்க புதுசா சங்கம் ஆரம்பிச்சிருக்காங்க, டீக்கடைகிட்ட கொடி ஏத்திக்கிட்டிருக்காங்க. உங்க பையன் அதுக்குன்னே படிச்சவராமே, அவரைத்தான் செக்ரட்டரி ஆக்கியிருக்காங்க.”