குன்வோருக்குத் தெரியாத முகமா?

முகம் படிப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது எளிது. செருப்பு கடித்து நீங்கள் முகம் சுளிப்பீர்கள். அவரோ, தன் புதுச் சட்டையைப் பார்த்துத்தான் சுளித்தீர்கள் என்று முடிவு கட்டி, அடுத்த கிறிஸ்துமஸ் விருந்துக்கு உங்களை அழைக்காமல் விட்டுவிடுவார். காரணம் கேட்டால், "எனக்கா தெரியாது?" என்பார். உலகில் எழுதப்படிக்கத் தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். முகம் படிக்கத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா?

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி எங்கள் குன்வோர். வட ஸ்வீடனில், உமியோ நகருக்கும் வடக்கே, கடலோரச் சிற்றூரில் ரொட்டிக்கடை நடத்துகிறார். கணவர் ஹோல்கரின் முகம் கல்யாணப் புகைப்படத்தில் எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கிறது. ஐஸ் ஹாக்கியில் ஊர் ஜெயித்தாலும், அடுப்பு வெடித்தாலும் அதே முகம். குன்வோருக்கு மட்டும் அதில் புயலும் வெயிலும் தெரியும். "இன்னிக்கு மனுஷன் என்னமா துள்ளுறான் பாருங்க!" என்பார். ஹோல்கர் மறுத்ததில்லை. மறுக்க வாயைத் திறக்க வேண்டுமே.

ஓர் இலையுதிர் காலத்தில் குன்வோருக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதன்பின் மாதக்கணக்கில் நிற்கக் கூடாது. ஹோல்கர் ரொட்டி சுடுவார், விற்கமாட்டார். கல்லாவில் நிற்க ஆள் கிடைக்காவிட்டால் கடைக்குப் பூட்டுதான். அப்படித்தான் தெற்கே மால்மோவிலிருந்து வந்த தில்டா, கொஞ்ச நாள் பார்த்து, பிடித்தால் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இருபது வயது. சிரிப்பு, அழுகை, கோபம் எல்லாவற்றையும் கைப்பேசியில் மஞ்சள் உருண்டைகளாகத் தோழிகளுக்கு அனுப்பிவிடும் தலைமுறை. முகத்தில் மிச்சம் இருக்காது. எதைக் கேட்டாலும் கண்ணிமைக்காமல் பார்ப்பாள். பிறகு வேலையைச் செய்வாள். சரியாகவே செய்வாள். ஆனால் குன்வோர் வேலையையா பார்த்தார்? திங்கட்கிழமை அந்த முகத்தில் காதல் தோல்வியைப் படித்தார். செவ்வாய்க்கிழமை கர்வம். புதன்கிழமை, தன் ஏலக்காய் பன்னைப் பற்றிய மௌன ஏளனம். புதன்கிழமை அவளுக்குப் பசி, அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை கடை சாத்தும் நேரத்தில் தில்டா கேட்டாள்.

"குன்வோர், நான் இங்கயே நிரந்தரமா இருந்துடலாம்னு ஆசைப்படுறேன். வெச்சுக்குவீங்களா?"

குன்வோருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. புருவங்களை ஏற்றி, உதட்டைக் குவித்து, 'ஷுப்' என்று காற்றை உள்ளே இழுத்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பொருள்: ஆம். மணமேடையில் பெண் அப்படி இழுத்தால் கல்யாணம் முடிந்தது என்று எழுந்து காபிக்குப் போய்விடுவோம்.

தில்டா பார்த்தாள். இமைக்கவில்லை. வேலைக்குக் கட்டும் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"கேட்ட வேலையக் குடுத்தேன், ஒரு இமை அசையல!" என்று அன்று சாப்பாட்டு மேசையில் பொரிந்தார் குன்வோர். "திமிரு, ஹோல்கர், சுத்தத் திமிரு. நீயும் அதைத்தானே நெனைக்கிற? பாத்தாலே தெரியுது." ஹோல்கர் உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கடையில் வரிசை நின்றது. தில்டா வந்தாள். கல்லாவில் இருந்த குன்வோர் முன் சாவியை வைத்தாள்.

"என்னடி இது?"

"கடைச் சாவி. என்னைப் பிடிக்கலன்னு நேத்தே புரிஞ்சுது."

"பிடிக்கலன்னு எவ சொன்னா?"

"நீங்கதான். பேயைப் பாத்த மாதிரி மூச்சை இழுத்தீங்களே!"

"அது ஆமான்னு அர்த்தம்டி!"

தில்டா வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப, பை வேணுமான்னு கேட்டா எல்லாரும் அப்படி இழுக்கிறது...?"

"பை வேணும்னு."

"ஐயோ, பைக்கும் காசான்னு அதிர்ந்து போறாங்கன்னு நெனச்சேனே! பாவமா இருந்துச்சு. ஒருத்தருக்கும் பை குடுக்கல."

வரிசையிலிருந்து மீனவர் எவெர்ட் குரல் கொடுத்தார்: "அடிப்பாவி! அதான் நான் தெனமும் ரொட்டிய கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போறேனா?"

"அது கெடக்கட்டும்," என்றார் குன்வோர். "நேத்து நீ ஏன் மரமா நின்னே?"

"வேலை போச்சேன்னு அழுகை வந்துச்சு."

"அழுகையா? இந்த மூஞ்சியிலயா?"

"இதுதாங்க நான் அழுற மூஞ்சி."

"அப்ப சந்தோஷம்னா?"

"இப்ப அதுலதான் இருக்கேன்."

குன்வோர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். நேற்றைய முகமேதான். சாவியை எடுத்து அவள் கையில் திணித்தார். இம்முறை மூச்சை வெளியே விட்டு, வாய் நிறைய, "ஆமா. இரு," என்றார். தில்டா மேலங்கியைக் கட்டிக்கொண்டு, முதல் வேலையாக எவெர்ட்டுக்கு இரண்டு பை கொடுத்தாள்.

குன்வோர் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? கடைக் கவலை விட்டு நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குப் போனவர், மயக்க மருந்து கொடுக்க வந்த மருத்துவரின் முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த இரண்டு கண்களைப் பார்த்து, "பாவம், வீட்டுல சண்டை," என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுத்தான் உறங்கினார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, அல்லவா? இன்று காலை உங்களைப் பார்த்துச் சிரிக்காமல் போனவருக்குப் பல்வலியாக இருக்கலாம். போய் வாய்விட்டுக் கேளுங்களேன்! கேட்க மாட்டீர்கள். அதுதான் உங்கள் முகத்திலேயே தெரிகிறதே.