டாக்டருக்கு ஒரு வாழ்த்து மடல்

ஊருக்கு ஊர் கடிதம் எழுதிக் கொடுப்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிலேயே இவர் தனி ரகம். நாம் எழுதினால் விஷயம் தெரியும். இவர் எழுதினால் இவர்தான் தெரிவார்.

அரும்பாவூர் உத்திராபதியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவிளக்கு எரியவில்லையா, ரேஷன் கடை மேல் புகாரா, ஊரே அவரிடம்தான் போகும். போனதும் எழுதிவிடுவாரா? முகம் கழுவி, திருநீறு பூசி, பேனாவை உதறி, சட்டையில் இங்க் தெறித்ததா என்று குனிந்து பார்த்து, காகிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு, அதையும் சற்று ரசித்த பிறகுதான் கை நகரும்.

ஒரு நாள் பஞ்சவர்ணம் வந்தாள். மகள் வீட்டுக்கு அரியலூர் போனால் அங்கே ஒரு டாக்டர், ஊரில் இருந்தால் பெரம்பலூரில் ஒரு டாக்டர் என்று உடம்பைக் காட்டிக்கொண்டிருந்தவள். இருவர் மாத்திரையையும் சேர்த்து விழுங்கியதில், போன வாரம் கண் இருட்டிக் கிணற்றடியில் விழுந்துவிட்டாள்.

"அண்ணே, அவரு குடுக்குறது இவருக்குத் தெரியணும். பெரம்பலூர் டாக்டருக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. அவரு முன்னால நின்னா எனக்கு வாயே வரமாட்டேங்குது. செத்துகித்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்குண்ணே."

"கவலைய வுடு. படிச்சதும் டாக்டரு எந்திரிச்சு நிப்பாரு பாரு."

எழுதினார். அன்பிலும் பண்பிலும் சிறந்தவரும், கைராசியில் நிகரற்றவரும், ஏழைகளின் கண்கண்ட தெய்வமுமாகிய டாக்டர் அவர்களுக்கு என்று தொடங்கி, இங்கு யாவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல் என்று விசாரித்து, இவ்வருட மழையையும் தொட்டுவிட்டு வந்தபோது, முன்பக்கத்தில் கையெழுத்துக்கு மட்டுமே இடம் மிச்சம். அப்போதுதான் பஞ்சவர்ணத்தின் நினைவு வந்தது. 'மற்றவை நேரில்' என்று முடித்தார். என்ன கச்சிதம்!

இந்த ரகத்தார் கடிதத்தோடு தாங்களும் கிளம்பிவிடுவார்கள். படிப்பவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டாமா? உத்திராபதியும் பஸ் ஏறினார்.

டாக்டர் படித்தார். திருப்பினார். பின்பக்கம் காலி.

"யாவரும் நலம்னு போட்டிருக்கே. அப்புறம் எதுக்கும்மா வந்தே?"

"எல்லாம் அந்தக் கடுதாசியில இருக்குங்க."

"இதுல 'மற்றவை நேரில்'னுல்ல போட்டிருக்கு?"

பஞ்சவர்ணம் உத்திராபதியைப் பார்த்தாள். அவரோ, டாக்டர் கைராசி வரியில் புன்னகைத்தாரா இல்லையா என்ற யோசனையில் இருந்தார். அதற்குள் அவளுக்குத் தலை சுற்ற, மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அவசரமாகப் பிரஷர் பார்த்தார். மிகவும் இறங்கியிருந்தது. "வேற எங்கியாச்சும் மாத்திரை வாங்குறியா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு மாத்திரைகளைக் காட்டினாள்.

"அட, ரெண்டும் ரத்தக்கொதிப்புக்குத்தாம்மா! ரெண்டையும் தின்னா மயக்கம் வராம என்ன செய்யும்? அரியலூர் மாத்திரைய இன்னையோட நிறுத்து. ஐயா, அந்த டாக்டருக்கும் தெரியணும். இந்தக் கடுதாசி எழுதுனது நீங்கதானே? அதையும் நீங்களே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். ரெண்டே வரி. இந்தம்மா யாரு, என்ன மாத்திரை சாப்பிடுது, அவ்வளவுதான்."

உத்திராபதிக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டே வரி என்று மனதார முடிவு செய்துதான் பேனாவைத் திறந்தார். அடுத்த நோயாளியைப் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் திரும்பினார். பேனா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்து தெரியாத பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்து, காகிதத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அண்ணே, இதுல நான் எங்க இருக்கேன்?"

அவள் விரல் இருந்த இடத்தில் 'அரியலூரின் அணையா விளக்கே' என்றிருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும், நீங்கள் கடைசியாக யாருக்காகவோ எழுதிக் கொடுத்த கடிதத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதில் அவர் எத்தனையாவது வரியில் வருகிறார்?