நாக்கு நானாவும் நாலு வளைவுக் கேபிளும்

புத்தளம் மாவட்டத்தில் நாக்கால் உராய்வை அளக்கும் மனிதர் ஒருவர்தான் உண்டு. இரண்டு பேர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

பாலாவியில் ஐஸ் தொழிற்சாலை கட்டியபோது நான் ஸ்டோர் கீப்பர். ஓய்வுக்கு அறுபத்திரண்டு நாள் இருந்தது. கேபிள் இழுக்கும் கூட்டத்தின் தலைவரை எல்லோரும் நாக்கு நானா என்றே அழைத்தார்கள்; நானா என்றால் அண்ணன். கேபிள் கிடக்கப்போகும் தகர ட்ரேயில் விரலை இழுப்பார்; விரலை நாக்கில் வைப்பார்; கண்ணை மூடுவார். தீர்ப்பு வரும்.

அன்று இழுக்க வேண்டியது மணிக்கட்டுப் பருமன் கேபிள். தொண்ணூற்றெட்டு மீற்றர், நாலு வளைவு. மாற்றுக்கு இன்னொன்று கிடையாது. மேலுறை கிழிந்தால்? பொறுப்பேற்றுப் போட்ட கையெழுத்து என்னுடையது. விடிந்ததிலிருந்து ஏழு தடவை தண்ணீர் குடித்திருந்தேன்.

"ட்ரேயில உப்பு இரிக்கி. இழுக்க ஏலா," என்றார் நானா.

எஞ்சினியர் தம்பி சிரித்தார். "உராய்வுக்குக் கணக்குப் போட்டாச்சு நானா. உப்புப் பார்த்தாச்செண்டா புளியும் விடட்டோ?"

"நீங்க போட்டது புது ட்ரேக்கு மகன். இது மூணு கிழம உப்பளக் காத்துல கிடந்தது."

நானா மீன் நிறுக்கும் தொங்கு தராசை எடுத்தார். ஒரு மீற்றர் கேபிள் துண்டைத் தூக்கினார்: ஆறு கிலோ. அதையே ட்ரேயில் வைத்துத் தராசால் இழுத்தார்: மூன்றரை.

"கணக்குல எவ்வளவு வெச்சீங்க?"

"ரெண்டு." தம்பியின் குரல் இறங்கிவிட்டது.

"வளைவுக்கு வளைவு இது கூட்டலில்ல மகன், பெருக்கல். நாலாவதுல இந்த ஸ்டோர் ஐயாட கையெழுத்தே கிழிஞ்சிரும்."

ட்ரே முழுவதையும் கழுவித் துடைத்தோம். தராசு இரண்டு காட்டியது. நானாவுக்கு அது போதவில்லை. ஏணியை நகர்த்தி நகர்த்தி, இடத்துக்கு இடம் விரல், நாக்கு. ஒன்பது இடத்தை மறுபடி கழுவச் சொன்னார். பிற்பகலில் கேபிள், பாம்பு புற்றுக்குள் போவதுபோல் போயிற்று. தடவிப் பார்த்தேன். கீறல்: பூச்சியம்.

நன்றி சொல்லப் போனால், நானா சுவரில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்ல ஐயா. கொஞ்சம் பிரஷர். டொக்டர் உப்புக் கூடாதெண்டு செல்லிருக்கார்."

நாக்கில் வைத்துப் பார்த்தது நாற்பத்தொரு இடம். பக்கத்தில் நின்று எண்ணியவன் நான்தான்.

"தராசோட நிப்பாட்டி இருக்கலாமே, நானா!"

"தராசு வெச்ச இடத்துக் கதையத்தானே செல்லும். கையெழுத்து முழு நீளத்துக்கும் ஐயாடது."

இப்போது ஓய்வில் இருக்கிறேன். அவர் கேபிள் இழுக்கும் நாளில் மட்டும் தண்ணீர்ப் போத்தலோடு பஸ் ஏறிவிடுவேன். ஒரு ருசிக்கு ஒரு கொப்பளிப்பு. ஒன்று குறைந்தாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நகர்த்த விடமாட்டேன்.