மாப்பிள்ளையின் ஜீப்பும் சித்திரை வெயிலும்

பட்டாளத்தில் இருக்கும் மாப்பிள்ளை சின்னதுரை அவர்களுக்கு, கச்சிராயபாளையத்திலிருந்து மாமனார் ராஜாங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும், தங்கள் அத்தையும், நிறைமாதமாக இருக்கும் ஜெயம்மாளும் சுகம். தங்கள் ஜீப்பை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வலி எடுத்தால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, எனக்கு ஓட்டவும் பழக்கி, வண்டியைத் தாங்கள் விட்டுப்போனது பெரிய மனசு. ஆனால் இந்த வெயிலில் நின்றால் டயர் பாளம் பாளமாக வெடித்துவிடும் என்று பஞ்சர் கடை செல்லமுத்து சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை. நடுவழியில் டயர் போனால் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? சாக்கை நனைத்து டயர்மேல் போர்த்தினேன். அது அப்பளமாகக் காய, நான் குடமும் கையுமாக அலைய, "பொண்ணு குளிக்கவே தண்ணி கம்மி, ஜீப்புக்கு அபிசேகமா?" என்று அத்தை கத்த, சரியென்று பச்சைத் தென்னங்கீற்றால் வண்டியைச் சுற்றிக் குடிசை கட்டினேன். எதிர்வீட்டுப் பச்சமுத்து தெருவே கேட்க, "இன்னா மாமா, ஜீப்பு வயசுக்கு வந்துட்ச்சா? தாய்மாமன் சீரு எப்பங்க?" என்று கேட்டுவிட்டான். அதோடு போயிருக்கலாம். அவன் மாடு வந்து கீற்றைத் தின்ன, நான் விரட்ட, அது பக்கக் கண்ணாடியைக் கொம்பில் மாட்டிக்கினு ஓடிப்போச்சு. கண்ணாடி வாய்க்காலில் கிடைத்தது, கவலை வேண்டாம்.

கடைசியில் செல்லமுத்துவை அழைத்து, வண்டியைக் கல்லின்மேல் ஏற்றி, நாலு சக்கரத்தையும் கழற்றி ஜெயம்மாள் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். "வலி வந்தா இன்னாப்பா செய்வ?" என்றாள். "இன்னும் நாள் கெடக்குதும்மா" என்றேன். டயர் இப்போது குளுகுளுவென்று இருக்கிறது. தாங்கள் நிம்மதியாக இருக்கவும். மாரியாத்தா தங்களையும் தங்கள் வண்டியையும் குளிரப் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
ராஜாங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வலி எடுத்துவிட்டது. செல்லமுத்து கடையைப் பூட்டிவிட்டுத் திருக்கோவிலூர் கல்யாணத்துக்குப் போய்விட்டான், ஸ்பேனர் கடைக்குள்ளே. டவுன் பஸ்ஸை மறித்தோம். "வூட்டாண்ட ஜீப்பு நிக்குதே?" என்றார் கண்டக்டர். "அது கல்லு மேல நிக்குது, வுடுய்யா வண்டிய!" என்று அத்தை அலறினாள். பஸ் எங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே போனது. பெண் குழந்தை. இருவரும் நலம். "இவரு கையில குடுக்காத, வெயில் படும்னு கை காலக் கழட்டி வெச்சிடுவாரு" என்கிறாள் அத்தை. ஜெயம்மாள்தான் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். துண்டால் நிழல் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மூக்கு தங்கள் மூக்கேதான், மாப்பிள்ளை.