நாற்காலிக் கடை திறந்த விதம்

தூத்துக்குடி,
18-5-1976

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் பொன்னுதுரைக்கு, மாமா தேவபிரசாதம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை கிருபையும், வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். மதுரையில் நீயும் அவ்விதமே இருப்பாயாக.

பாங்கு வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா என்று யோசனை கேட்டிருந்தாய். கேட்ட இடம் சரிதான். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்று, வீட்டில் கடிகாரத்தைத் துடைத்துத் துடைத்து அதையும் ஓடாமல் ஆக்கிவிட்டு, இனி சும்மா இருக்க முடியாது என்று போன வாரம்தான் வாடகை நாற்காலிக் கடை திறந்தேன். செய்யக்கூடாதவை எல்லாம் இன்னும் சூடு ஆறாமல் இருக்கின்றன.

முதலில், பெயர்ப்பலகை எழுதுகிறவன் பக்கத்தைவிட்டு நகராதே. நான் காப்பி குடிக்கப் போய்வந்த நேரத்தில், ‘இங்கே நாற்காலிகள் வாடகைக்கு விடப்படும்’ என்பதில் ‘வாடகைக்கு’ என்ற சொல்லை அவன் விழுங்கிவிட்டான். ‘இங்கே நாற்காலிகள் விடப்படும்’ என்று பலகை ஏறியது. மீன்கூடையோடு போன ஓர் அம்மாள் நின்று, “ஏ அண்ணாச்சி, நாற்காலிய எந்த ஊர் வரைக்கும் விடுதிய? நானும் ஆறுமுகநேரிக்குத்தான் போணும், ஒரு ஓரமா ஏறிக்கிடுதேன்” என்றாள்.

அடுத்தது திறப்பு விழா. உன் அத்தை, “விழாவெல்லாம் எதுக்கு? கதவத் தொறந்து வைங்க, ஆளு வரும்” என்றாள். நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை மாலை சபையார் எல்லாரையும் அழைத்து, புது மடக்கு நாற்காலிகள் அத்தனையும் வாசலில் விரித்து, ரிப்பன் கட்டி, போதகர் எஸ்றா ஐயாவை ஜெபம் செய்யச் சொன்னேன். ஐயாவின் ஜெபம் உனக்குத் தெரியும். ஆதாமில் தொடங்கிப் புதுத் துறைமுகம்வரை வந்துதான் நிற்பார். எல்லாரும் எழுந்து கண்ணை மூடினோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்திருக்கிறது. ஆலந்தலை ஜேசுபாதம் என்பவர், பெண்ணைப் பெற்றவர். மறுநாள் காலை மாதா கோயிலில் கல்யாணம். நாற்காலிக்குச் சொல்லிவைத்திருந்த கடைக்காரன் கடைசி நிமிஷத்தில் கையை விரித்துவிட்டான். “அம்மா, மணப்பாட்டுலேருந்து மாப்பிள்ள வீட்டுக்காரவ இப்பமே கெளம்பிட்டாவ. அவியள மணல்லயா உக்கார வைக்க? எம்பிள்ள தலையத் தொங்கப் போட்டுட்டு இருக்கா” என்று கிருபையிடம் கண் கலங்கியிருக்கிறார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஜெபத்தைக் கலைக்கவும் பயம். லாரி ஆட்களோடு சேர்ந்து, நின்றவர்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மடக்கி லாரியில் ஏற்றிவிட்டாள். ‘டக், டக்’ என்று சத்தம் எனக்கும் கேட்டது. தெருவில் குதிரைவண்டி போகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐயா “ஆமென்” என்றார். எல்லாரும் உட்கார்ந்தோம்.

பொன்னுதுரை, அதை எப்படி எழுதுவேன்! முன்வரிசை மொத்தமும் ஒரே சமயத்தில் தரையில். எங்கள் பழைய தலைமையாசிரியர் ஞானதீபம் சார் மல்லாந்து கிடந்தபடி, “தேவபிரசாதம், நாற்காலி எங்கவே?” என்று கேட்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. முதல்நாளே மானம் கப்பலேறிவிட்டது என்று நிற்கிறேன். அப்போது எஸ்றா ஐயா அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததும் சபையே சிரித்தது. ஜேசுபாதம் கையைக் கூப்பி, “தப்பா நெனச்சிராதிய. எல்லாரும் வண்டில ஏறுங்க, நம்ம வீட்டுலதான் இன்னைக்கு சாப்பாடு” என்றார். அவ்வளவுதான், எனக்கு முன்னால் ஞானதீபம் சார் ஏறிவிட்டார்!

வழியில் உப்பளத்துப் பக்கம் டயர் வெடித்தது. மாற்றி முடிக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று ரோட்டோரம் நாற்காலிகளை விரித்து உட்கார்ந்தோம். திருச்செந்தூர் பஸ் ஒன்று, என்னவோ மாநாடு என்று நினைத்து நின்றுவிட்டது. இறங்கிவந்தவர்களுக்குக் கிருபை உட்கார இடம் கொடுத்து, கடை விலாசத்தையும் கொடுத்தாள். நான் ஆசையாக அச்சடித்த நோட்டீசுக்கு ஒருவர்கூட வரவில்லை. அந்த டயருக்கு நான்கு வீட்டு விசேஷம் வந்தது.

ஆலந்தலையில் எங்கள் நாற்காலிகளில் சம்பந்திமார் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்த கல்யாணப்பெண், உன் அத்தையைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. வெட்டாமலே அவிழ்த்துக் கொண்டுவந்த ரிப்பனை அங்கேயே இரண்டு தூணுக்கு நடுவில் கட்டி, அவ்வூர் மாதா கோயில் சாமியாரும் எஸ்றா ஐயாவும் ஒரே கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டினார்கள். கடலோரம், நெய்மீன் குழம்பு, பேண்டு வாத்தியம். ஓய்வு பெற்ற பிறகு நான் இப்படிச் சிரித்ததில்லையடா.

ஆனாலும் எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆகையால் மாமா சொல்வதைக் கேள். பாங்கு வேலையை விடாதே. ஆழம் தெரியாமல் ஆர்டர் வாங்காதே. எதையும் ஆற அமர யோசித்துச் செய். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் மாமா,
தே. தேவபிரசாதம்

பி.கு. கவரை ஒட்டப் போகும்போது பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து ஒருவர் வந்து, வெள்ளிக்கிழமை விசேஷத்துக்கு மைக்செட்டும் பந்தலும் உண்டா என்றார். “அது இல்லாமலா கடை வச்சிருக்கோம்!” என்று வாய் சொல்லிவிட்டது. நம்மிடம் ஒரு ஒலிபெருக்கிக் குழாய்கூடக் கிடையாது. வேலையை ராஜினாமா செய்துவிட்டு, மதுரையில் எங்கேயாவது ஒரு மைக்செட்டைப் பிடித்துக்கொண்டு வியாழக்கிழமைக்குள் வந்து சேர். பலகையில் ‘அண்ட் மருமகன்’ என்று எழுதச் சொல்லி உன் அத்தை ஆளை ஏணியில் ஏற்றிவிட்டாள். நான் இப்போது காப்பி குடிக்கப் போகிறேன்.