டார்வினுக்குப் போகும் வழியில் ஒரு மச்சான்

முப்பத்தொரு வருஷம் மெல்பர்னில் டிராம் ஓட்டினேன். டிராமில் ஸ்டியரிங் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. தண்டவாளம் எங்கே போகிறதோ அங்கே நானும் போனேன். வீட்டிலும் அதே ஏற்பாடுதான். அந்தத் தண்டவாளத்தின் பெயர் லோர்னா.

ஆகவே ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் ஒரு சபதம் எடுத்தேன். வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீடு போன்ற கேரவன் ஒன்று வாங்குவது. ஆறு மாதம் ஊர் சுற்றுவது. மெல்பர்னிலிருந்து டார்வின் வரை நானும் மனைவியும் மட்டும். உறவுக்காரர் வீடு ஒன்றின் வாசலைக்கூட மிதிப்பதில்லை. எங்கே திரும்ப வேண்டும் என்பதை நெவில் ஆகிய நான் மட்டுமே முடிவு செய்வேன்.

இதை லோர்னாவிடம் எழுந்து நின்றுகொண்டு சொன்னேன். அவள் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க" என்றாள்.

நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எனக்குச் சரி சொன்னது இரண்டே முறை. முதல் முறை சர்ச்சில் பாதிரியார் கேட்டபோது. இரண்டாவது இது. இரண்டு முறையும் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

"போற வழியில ராய்ஸ் அண்ணன் வீட்ல மூணு நாள் இருந்துட்டுப் போயிடலாம்."

"எந்த வழியில?"

"நாம போற வழியில."

வரைபடத்தை மேஜையில் விரித்தேன். "இங்க பாரு. அடிலெய்ட் போய், அங்கேருந்து நேரா மேல போனா டார்வின். உங்க அண்ணனோட ஆட்டுப் பண்ணை இந்தக் கோடியில இருக்கு, ப்ரோக்கன் ஹில்லுக்கும் வடக்கே. இது எப்படி வழியாகும்?"

"விரலை எடுங்க, மறைக்குது."

எடுத்தேன்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரக்கடைதான் இருக்கு. ஒரு விரக்கடைக்காக என் கூடப் பொறந்தவனைப் பார்க்காம போகணுமா?"

அந்த ஒரு விரற்கடை எண்ணூறு கிலோமீட்டர். அந்த வரைபடத்தை அச்சடித்தவன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஏப்ரலில் போய்ச் சேர்ந்தோம். தார் ரோட்டை விட்டு இறங்கி அறுபது கிலோமீட்டர் மண் பாதை. செம்மண், செம்மறி, செம்ம ஈ. தகரக் கூரை வீட்டின் முன்னால் என் மச்சான் ராய்ஸ் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயது, ஆறடி மூன்றங்குலம். ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசுவார். வாயைத் திறந்தால் ஈ உள்ளே போகும் என்பதால் வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். போன குளிர்காலத்தில் அவர் மனைவி இறந்துபோன பிறகு அந்த நான்கும் இரண்டாகிவிட்டதாம்.

"வாங்க" என்றார். அன்றைய கணக்கில் பாதி தீர்ந்தது.

மறுநாள் காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து நின்றார்.

"மாப்ளே."

"சொல்லுங்க மச்சான்."

"வேலி."

அன்று நான்கு கிலோமீட்டர் கம்பி வேலிக்கு முட்டுக் கொடுத்தேன். அதற்கு மறுநாள் அவர் சொன்ன வார்த்தை "தொட்டி". ஆடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியில் இறங்கிப் பாசி சுரண்டினேன். மூன்றாம் நாள் "ஆடு" என்றார். ஏதோ தடவிக்கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆட்டின் பின்பக்கத்தில் சாணி ஒட்டிக் காய்ந்த கம்பளியைக் கத்தரிக்கும் வேலை. நூற்றெழுபது பின்பக்கங்கள். டிராமில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த லட்சக்கணக்கான பேரின் அருமை அன்றுதான் புரிந்தது. அவர்கள் யாருமே உதைத்ததில்லை.

ஆனாலும் நான் கலங்கவில்லை. ஏனென்றால் மெல்பர்னிலிருந்து கிளம்பும்போதே ஒரு திட்டம் போட்டிருந்தேன். என் நண்பன் டெஸ், அவனும் டிராம் ஓட்டியவன்தான், எங்கள் வீட்டுச் சாவியை வைத்திருந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் பண்ணைக்குப் போன் செய்து "உன் வீட்டுக் குழாய் வெடித்துவிட்டது, உடனே வா" என்று அலற வேண்டும். வண்டியைக் கட்டிக்கொண்டு பறந்துவிடுவோம். பாதி வழியில் "குழாய் சரியாகிவிட்டதாம்" என்று சொல்லி டார்வின் பக்கம் திருப்பிவிடுவேன்.

டெஸ் சொன்ன நேரத்துக்குப் போன் செய்தான். லோர்னா எடுத்தாள்.

"டெஸ்ஸா? என்னது, குழாய் வெடிச்சிடுச்சா? ஐயையோ!"

நான் முகத்தில் அதிர்ச்சியை வரவழைத்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணி எங்கல்லாம் போச்சு? ஹாலுக்கா? ... இருங்க, நீங்க இப்ப எங்க இருந்து பேசுறீங்க? ... எங்க வீட்ல இருந்தா? அப்ப குழாயை யாரு அடைச்சது? ... நீங்களேவா! கெட்டிக்காரர் டெஸ் நீங்க. ... இல்ல இல்ல, நாங்க எதுக்கு ஓடி வரணும்? நீங்கதான் இருக்கீங்களே. ஒண்ணு பண்ணுங்க. மகள் வீட்டு சோபாவுல எத்தனை நாளைக்குத்தான் படுப்பீங்க? எங்க வீட்லயே தங்கிடுங்க. ... ஆமா, பெரிய ரூம்தான். போர்வை அலமாரியில மேல் தட்டுல இருக்கு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எவ்வளவு நல்ல சிநேகிதர் பாருங்க."

ஒரு வாரம் கழித்து டெஸ்ஸை நானே கூப்பிட்டேன். "டேய் துரோகி, என்னடா பண்ணிட்டே?"

"நெவில், உன் மெத்தை ரொம்ப அருமைடா" என்றான்.

குழாய் கைவிட்டதால் நான்காம் நாள் விடிந்ததும் நேர்மையான வழியில் இறங்கினேன். "கிளம்பு" என்று சொல்லி, கேரவனை வண்டியோடு மாட்டினேன். மாட்டி முடித்து நிமிர்ந்தபோது மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. அந்தப் பக்கம் பதினொரு மாதமாக மழையே இல்லையாம். எனக்காக வந்தது.

மழை பெய்தால் மண் பாதையை மூடிவிடுவார்கள். மீறிப் போனால் சக்கரம் அச்சு வரை புதையும்; அபராதமும் உண்டு. கவுன்சிலுக்குப் போன் செய்து கேட்டால் பாதை திறந்திருக்கிறதா இல்லையா என்று சொல்வார்கள். தினமும் காலையில் லோர்னாதான் கேட்டாள்.

"என்னாச்சு?"

"மூடியிருக்குங்க."

மழை இரண்டு நாளில் நின்றது. வெயில் அடித்தது. தரை வெடித்தது.

"இன்னிக்கு?"

"மூடியிருக்குங்க."

"தூசி பறக்குதே லோர்னா!"

"இங்க பறக்குது. அங்க பள்ளத்துல தண்ணி நிக்குதாம்."

வந்து பதினேழு நாள் ஆயிற்று. வேலி, தொட்டி, ஆடு. மறுபடி வேலி. ஆடுகள் என்னை அடையாளம் கண்டு திரும்பி நிற்க ஆரம்பித்தன. சாப்பாட்டு நேரத்தில் கேரவன் ஜன்னல் வழியாக நான் அந்தச் சிவப்புப் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அறுபத்தாறு வயது. இன்னும் எத்தனை வருஷம் வண்டி ஓட்டக் கண்ணும் காலும் இருக்கும்? டார்வின் கடலை நான் பார்க்கவே போவதில்லை என்று ஒரு மத்தியானம் திடீரென்று தோன்றியது. கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். லோர்னாவிடம் சொல்லலாம் என்று போனேன். அவள் சமையலறையில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ராய்ஸ் சிரித்துக்கொண்டிருந்தார். வாசற்படியிலிருந்தே திரும்பி வேலிப் பக்கம் போனேன்.

பதினெட்டாம் நாள் தொட்டி தேய்க்கும் பிரஷ் உடைந்ததால் சீக்கிரம் வீடு திரும்பினேன். வாசலில் தபால் லாரி நின்றது. வாரம் ஒருமுறை வரும் கிளெனிஸ் என்ற அம்மாள் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க எப்படி வந்தீங்க? பாதை மூடியிருக்கே?"

"மூடியிருக்கா? திறந்து பன்னெண்டு நாளாச்சேப்பா. போன வாரமும் வந்தேனே. லோர்னா ஸ்கோன்ஸ் சுட்டுக் குடுத்தாளே!"

போன வாரம் அந்த நாளில்தான் என்னை இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற, தண்ணீர் இறைக்கும் காற்றாடிக்கு அனுப்பியிருந்தார்கள்.

நான் கத்தவில்லை. கத்தி ஜெயித்த நாள் எனக்கு நினைவில்லை. யோசித்தேன். மறுநாள் காலை முகத்தைப் பால் போல வைத்துக்கொண்டு சொன்னேன்: "லோர்னா, கேரவன் டயர் ரொம்ப நாளா நின்னுட்டே இருக்கு. சும்மா ஒரு சின்ன ரவுண்டு போயிட்டு வரலாமா? உள்ள ஏறு."

"சரிங்க" என்றாள். தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எனக்குப் பாட்டு வந்தது. இனி நிறுத்தினால்தானே? இவள் தூங்கி எழும்போது அடிலெய்ட். அடுத்த வாரம் பாலைவனம். ஒரு கிலோமீட்டர் போனதும் பண்ணையின் பெரிய கேட் வந்தது. அந்தப் பகுதியில் வண்டி ஓட்டுகிறவன் இறங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்து மூடுவதுதான் வழக்கம். லோர்னா இறங்கினாள். திறந்தாள். நான் வண்டியையும் கேரவனையும் வெளியே கொண்டுவந்து நிறுத்தினேன். பின்னால் கேட் மூடும் சத்தம் கேட்டது. சங்கிலி மாட்டும் சத்தமும் கேட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். லோர்னா கேட்டுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

இறங்கி ஓடினேன். "ஏய், என்ன இது? இந்தப் பக்கம் வா!"

"நீங்க போயிட்டு வாங்க. கிளெனிஸ் எல்லாம் சொல்லிட்டா."

"பன்னெண்டு நாள் என்கிட்ட பொய் சொன்னியே லோர்னா!"

"சொன்னேன். என்ன பண்ணச் சொல்றீங்க?" அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் ஜனவரியில மோட்டார் பைக்கோட விழுந்து ஒரு பகல் முழுக்க அந்தப் புதர்ல கிடந்திருக்கான். காலை அசைக்க முடியல. தானே தவழ்ந்து வந்திருக்கான். யார்கிட்டயும் சொல்லல. கிளெனிஸ்தான் எனக்கு எழுதுனா. தகர டப்பாவுல இருக்கிற பீன்ஸைச் சூடு பண்ணாம நின்னுக்கிட்டே சாப்பிடுறான். அவனை இப்படி விட்டுட்டு நான் டார்வின்ல போய்க் கடல் பார்க்கவா?"

"இதை மெல்பர்ன்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். ஒரு விரற்கடை என்பது எண்ணூறு கிலோமீட்டர் என்று சொல்லியிருப்பேன்.

"டிராம் ஓடுற ரோட்டு மேல நாப்பத்திரண்டு வருஷம் குடியிருந்தேன். காலையில அஞ்சு மணிக்கு முதல் வண்டி போகும்போது அலமாரியில கோப்பையெல்லாம் ஆடும். ஒரு நாள் வாயைத் திறந்தேனா? எனக்கு இந்த சத்தமில்லாத இடம் வேணும். உங்களுக்கு ரோடு வேணும். இதோ ரோடு. டார்வின் போகணும்னா போங்க, நிஜமாத்தான் சொல்றேன். மூணு நாளைக்குக் கேரவன் ஐஸ்பெட்டியில சாப்பாடு வெச்சிருக்கேன். டவுனுக்குப் போய்ட்டுத் திரும்பறதுன்னா இந்தச் சாமானெல்லாம் வாங்கிட்டு வாங்க."

ஏப்ரன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கம்பிக்கு நடுவே நீட்டினாள். அவளுக்குப் பின்னால் தூசி கிளம்பியது. மச்சான் தன் பழைய பிக்கப்பில் தங்கையை அழைத்துப்போக வந்துவிட்டார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி எனக்கு வணக்கம் சொன்னார். அன்றைக்கு வார்த்தையே செலவாகவில்லை.

வண்டியில் ஏறினேன். அறுபது கிலோமீட்டரும் டார்வினுக்குத்தான் போனேன். தார் ரோடு வந்தது. இடது பக்கம் திரும்பினால் டவுன். வலது பக்கம் அடிலெய்ட், பாலைவனம், கடல். என் கையில் ஸ்டியரிங். என்னைக் கேட்க ஆளில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாமல் வண்டி ஓட்டுவது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தேன். அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு அவமானம்.

இடது பக்கம் திரும்பினேன்.

டவுன் கடையில் காகிதத்தை விரித்தேன். மாவு. தேயிலை. ராய்ஸுக்கு மூட்டுவலித் தைலம். வேலி ஆணி. கடைசி வரியில், வேலைக்குப் போடும் பூட்ஸ், ஒரு ஜோடி, ஒன்பதாம் நம்பர். மச்சானின் கால் பன்னிரண்டாம் நம்பர். ஒன்பது என் கால்.

எல்லாவற்றையும் வாங்குவது, பூட்ஸை மட்டும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒரு மனுஷனுக்கு ஏதாவது ஒரு எல்லை வேண்டும். கடைக்கார அம்மாளிடம் மற்றதையெல்லாம் சொன்னேன். அவர் மாவைக் கட்டிவிட்டு, உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். மேலே என் பெயர் எழுதியிருந்தது.

"நெவில்தானே? லோர்னா போன்ல சொல்லி எடுத்து வெக்கச் சொன்னா. ரொம்ப நாளா இங்கேயே கிடக்கு."

"எப்ப சொன்னா?"

அவர் பெட்டியின் மேலிருந்த தூசியை ஊதினார். "நீங்க மெல்பர்ன்ல இருந்து கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.